வற்றாத கிணற்றுக்கு வாங்கிய பம்பு

பம்பு வாங்கப் போகிறவர்கள் முதலில் கிணற்றைப் பார்க்க வேண்டும். அதிலும் சித்திரை மாதத்துக் கிணற்றைப் பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். தினம் கயிறு பிடிக்கிற எவளைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். எங்கள் வீட்டில் கேட்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

நான் வாழ்க்கைப்பட்ட வீடு செஞ்சியில் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது. வீட்டில் நாலே பேர். மாமனார், மாமியார், தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த என் வீட்டுக்காரர், நான். கொல்லையில் கிணறு. செஞ்சியில் கிணறு வெட்டுவது என்றால் மண்ணை வெட்டுவது கொஞ்சம், பாறையை உடைப்பது மிச்சம். எங்கள் கிணறும் அப்படித்தான். மேலே அகலம், பாறை தொடங்கும் இடத்திலிருந்து ஒரு ஆள் இறங்கும் அளவுக்குக் குறுகல். அடியில் ஒரு பாறை வெடிப்பில் ஊற்று. அது வற்றியதே கிடையாது. அதை என் மாமனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். அவரே தோண்டி ஊற்றைக் கொண்டுவந்து வைத்த மாதிரிதான் பேச்சு.

வற்றவில்லை என்பது உண்மை. ஆனால் இறங்கும். கார்த்திகையில் பத்து முழக் கயிறு போதும். தையில் பன்னிரண்டு. மாசிக்கு ஒரு துண்டுக் கயிற்றை முடிச்சுப் போட்டுச் சேர்ப்போம். பங்குனிக்கு இன்னொரு துண்டு. சித்திரையில் இருபத்துநாலு முழம். அந்த வீட்டில் பெண்கள் மாதத்தை முடிச்சில்தான் எண்ணினார்கள். எத்தனையாவது முடிச்சு உள்ளங்கையில் இடறுகிறது என்று எனக்கும் என் மாமியாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். ஆண்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது அண்டாவில் நிரம்பிய தண்ணீர் மட்டுந்தான்.

மாமனாருக்கு ஆசாரம் அதிகம். விடியற்காலையில் கொல்லையில் நின்று குளிப்பார். தலைக்கு, உடம்புக்கு, வேட்டி நனைக்க, நின்ற கல்லைக் கழுவ என்று இருபது குடம் போகும். அதற்குப் பிறகு பூஜை, சமையல், பாத்திரம், பசுமாடு. மருமகள் வந்த அன்றைக்கே மாமியாருடைய கயிறு என் கைக்கு மாறியது. முப்பது வருஷம் இழுத்தவள் அவள். அவளுக்கு அது விடுதலை. நான் குறை சொல்லமாட்டேன்.

கல்யாணமான அடுத்த சித்திரையில், ஐந்தாவது மாதம், என் முதல் பிள்ளை கலைந்துபோயிற்று. கிணற்றடியில்தான் வலி கண்டது. பாதி வந்த குடத்தைக் கீழே விட மனமில்லாமல் மேலே இழுத்து வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அந்த முட்டாள்தனத்துக்கு என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை. மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, "இனிமே வயித்துல இருக்கும்போது கயிறு பிடிச்சா அதுவும் தங்காது" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

என் நைனா, செஞ்சிக்குப் பக்கத்து அனந்தபுரத்திலிருந்து வந்தார். மாமனாருக்கு எதிரே நின்று, "நான் பொண்ணக் குடுத்தனா, இல்ல கெணத்துல கவலை இழுக்க மாட்டக் குடுத்தனா?" என்று கேட்டார். வாசலில் நாலு பேர் கூடிவிட்டார்கள். மாமனாருக்கு முகம் செத்துவிட்டது. அடுத்த தடவை நான் முழுகாமல் இருந்தபோது, கார்த்திகை மாதம், மூன்றாம் மாசம் எனக்கு, பம்பு வாங்குவது என்று முடிவாயிற்று. யுத்தம் முடிந்து இரும்புச் சாமான் அப்போதுதான் கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்தது. ஊரில் வீட்டுக்குள் பம்பு என்பது நாலைந்து பேரிடம் இருந்தால் அதிகம். பிள்ளை தங்க வேண்டும் என்பதற்காக வாங்குகிறோம் என்று வீட்டுக்குள் சொன்னார்கள். தெருவில் அந்தஸ்துக்கு என்று சொன்னார்கள். எனக்கு எதுவாக இருந்தாலும் சரி. வயிற்றில் இருப்பது தங்கினால் போதும்.

அப்பனும் பிள்ளையும் கரிப் புகை கக்குகிற பஸ் ஏறித் திண்டிவனம் போனார்கள். கடையில் நடந்ததை என் வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் சொன்னார். கடைக்காரர் இரண்டு தினுசு காட்டினாராம். ஒன்று, எல்லாம் மேலேயே இருக்கிற பம்பு. தரையில் நிறுத்தி, குழாயை மட்டும் கிணற்றில் விடுவது. இன்னொன்று, மேலே கைப்பிடி மட்டும். தண்ணீரைத் தூக்குகிற உருளை கிணற்றுக்குள்ளே, தண்ணீருக்குள் முழுகிக் கிடக்க வேண்டும். நீளமான கம்பி ஒன்று மேலுக்கும் கீழுக்கும் போய் வரும். ஆழக் கிணற்றுக்கு இரண்டாவதுதான் ஆகும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

மாமனார் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "உள்ள இன்னா இருக்குது?"

"தோல் வாஷர்ங்க. மாட்டுத் தோல்தான் நிக்கும். ரெண்டுலயும் அதான்."

அதோடு முடிந்தது. மாட்டுத் தோலைக் கொண்டுபோய்க் குடிக்கிற கிணற்றில் ஊறப்போடுவதா? மேலே இருக்கிற பம்பில் தோல் மேலேயே இருக்கும். கிணறு சுத்தமாக இருக்கும். தண்ணீர் அதைத் தாண்டித்தானே வரும் என்று என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டாராம். "ஓடற தண்ணிக்குத் தீட்டு இல்ல. நிக்கிற தண்ணிக்குத்தான்" என்று பதில் வந்ததாம். ஆசாரத்துக்கு ஓட்டை கண்டுபிடிப்பதில் எங்கள் மாமனாரை மிஞ்ச ஆள் கிடையாது. வயல் கிணற்றில் மாடு பூட்டி இறைக்கிற கவலைச் சாலின் வால் முழுக்கத் தோல்தான். வெயில் நேரத்தில் அது கொட்டுகிற வாயிலேயே கை ஏந்திக் குடித்திருக்கிறார். நானே பார்த்திருக்கிறேன். அங்கே இல்லாத தீட்டு கொல்லைக்கு வந்ததும் எங்கிருந்து வந்தது என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. தோல் எங்கே இருக்கும் என்று பார்த்துப் பம்பு வாங்கினார்கள். தண்ணீர் எங்கே இருக்கும் என்று பார்க்கவில்லை.

பம்பை மாட்ட ரைஸ் மில்லில் வேலை செய்த பிட்டர் வந்தார். அவர் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இப்ப தண்ணி மேல நிக்குது. கோடையில எவ்ளோ கீழ போவும்?"

இதுதான் கேள்வி. பம்பு வாங்குகிறவன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி. மாமனார் மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "இது வத்தாத கெணறு."

பிட்டர் தலையை ஆட்டிக்கொண்டார். அவர் கேட்டதற்கு அது பதிலே இல்லை. நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். இருபத்துநாலு முழம் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். வெளி ஆள் முன்னால் மருமகள் வாய் திறப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. பக்கத்தில் நின்ற மாமியாரைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் பேசவில்லை. வழக்கம் என்று இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்குப் பயம்.

கிணற்று வாய்மேல் இரண்டு கருங்கல் பலகை போட்டு மூடினார்கள். நடுவில் குழாய் போக ஓட்டை. கப்பியைக் கழற்றி வயலுக்கு அனுப்பிவிட்டார்கள். மார்கழி, தை இரண்டு மாதமும் சும்மா சொல்லக்கூடாது, பம்பு நன்றாக இறைத்தது. ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றி நாலு அடி அடித்தால் குபுகுபு என்று கொட்டும். குழந்தை தங்கிவிடும் என்று முதல் தடவையாக நம்பினேன். மாமனாரைப் பற்றி மனதுக்குள் நல்லதாகக்கூட நினைத்தேன்.

மாசிக் கடைசியில் பம்பு இழுக்கத் தொடங்கியது. தண்ணீரை அல்ல, காற்றை. சொம்பு சொம்பாக ஊற்றி அடித்தாலும் கர்ரென்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. ஆறாம் மாதத்து வயிற்றை வைத்துக்கொண்டு ஐம்பது, அறுபது என்று அடிப்பேன். ஒரு குடம் நிறைய ஒரு நாழிகை ஆகும். கயிறு பிடிக்கக்கூடாது என்று வாங்கிய பம்பு கயிற்றைவிட அதிகமாக முதுகை ஒடித்தது. மாமியார் மூலம் சொல்லி அனுப்பினால் மாமனார் சிரித்தார். "காலையில எனக்கு நல்லா வருதே. இருபது கொடம் அடிச்சிக் குளிச்சிட்டுதானே வரேன்? பம்புல ஒண்ணுமில்ல. அவ கைதான் சரியில்ல."

வீட்டில் எல்லாரும் அதை நம்பினார்கள். நானே இரண்டு நாள் நம்பினேன். அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அப்புறம் மண்டையில் உறைத்தது. ராத்திரி முழுக்க யாரும் தொடாததால் குறுகலான பாறைக் கிணற்றில் தண்ணீர் ஊறி ஏறியிருக்கும். கயிறு இழுத்த காலத்தில், காலையில் கயிறு கொஞ்சம் மிச்சமாவது தெரிந்ததுதானே? ஒரு நூலில் கல்லைக் கட்டி, பலகைகளுக்கு நடுவே இருந்த சந்தில் விட்டுப் பார்த்தேன். விடிவதற்கு முன் பதினைந்து முழம். மாமனார் குளித்துவிட்டுப் போனதும் ஒரு சாணுக்கு மேல் இறங்கியிருந்தது. அந்தச் சாண்தான் வழக்கு. அது இருக்கும்வரை பம்பு இழுக்கும், போய்விட்டால் இழுக்காது. அந்தச் சாண் முழுவதையும் அவர் தலையில் ஊற்றிக்கொண்டு போய்விட்டு, என் கையைக் குறை சொன்னார்.

நூலைக் காட்டி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது, படித்தவர். "நீ சொல்றது சரி. எங்க நைனாகிட்ட சொல்லாத. வருத்தப்படுவாரு" என்றார். என்னுடைய வயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மறுநாள் விடிவதற்கு முன்னால் நானே எழுந்து போய்ப் பம்பை அடித்தேன். தண்ணீர் ஒழுங்காக வந்தது. அண்டா, தவலை, குடம், மாட்டுத் தொட்டி எல்லாம் நிரப்பினேன். மாமனார் துண்டோடு வந்து கைப்பிடியைப் பிடித்தார். கர்ரென்றது. அடித்தார். தண்ணீர் ஊற்றி அடித்தார். வேர்க்க வேர்க்க அடித்தார். நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கை சரியில்லை என்று சொல்ல யாருமில்லையே என்று இருந்தது. அரைக் குளியலோடு உள்ளே வந்தவர், "பம்பு கெட்டுப்போச்சி, பிட்டரக் கூட்டியா" என்று மகனிடம் கத்தினார்.

பிட்டர் வந்தார். கழற்றிப் பார்த்தார், மாட்டினார். நூல் விட்டுப் பார்த்தார். நான் விட்ட அதே சந்து.

"பம்பு நல்லாதாங்க இருக்குது. இது தண்ணிய இழுக்கறதே இல்ல. குழாயில இருக்கிற காத்த எடுக்குது, அவ்ளோதான். வெளிய இருக்கிற காத்து கெணத்துத் தண்ணிய அமுக்கி மேல தள்ளுது. காத்துக்கு இருபத்திரண்டு, இருபத்திமூணு அடிதாங்க பலம். அதுக்குக் கீழ போச்சுன்னா பீமன் வந்து அடிச்சாலும் வராது. உருளைய உள்ள எறக்கற பம்பு போடுங்க. அது அடியிலேர்ந்து தூக்கிக் குடுக்கும்."

"தோலு தண்ணிக்குள்ள இருக்குமே" என்றார் மாமனார்.

"இருக்குங்க."

"அப்ப வாணாம்."

மாமனார் தீர்ப்புச் சொன்னார். ஒரு பலகையை நகர்த்து. வயலிலிருந்து கப்பியைக் கொண்டுவந்து மாட்டு. மழை வந்து தண்ணீர் ஏறும்வரை பழையபடி இழுத்துக்கொள்ளட்டும். அவ்வளவுதான். என் கையில் குறையில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அதனால் கயிறு என் கைக்குத் திரும்பி வந்தது. ஏழாம் மாதம், பங்குனி.

அன்றைக்கே என் துணிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டேன். ஒன்பதாம் மாதந்தான் தாய்வீட்டுக்குப் போவது வழக்கம். நான் யாரையும் கேட்கவில்லை. மாமியாரிடம் மட்டும், "அத்தை, நான் இங்க இருந்தா இது தங்காது. போறேன்" என்றேன். அவள் என்னைத் தடுக்கவில்லை. "போ. போய்ப் பொழச்சி வா" என்றாள். பஸ் ஸ்டாண்டுக்குத் தனியாக நடந்தேன். கடைத்தெருவில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நடந்தேன். நான் செய்ததிலேயே துணிச்சலான காரியம் அதுதான் என்று ரொம்ப நாள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

வைகாசியில் அனந்தபுரத்தில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். ஆவணியில் என் வீட்டுக்காரர் கூட்டிப்போக வந்தார். செஞ்சிக் கடைத்தெருவில் சுதந்திரத்துக்குக் கட்டிய காகிதக் கொடிகள் அப்படியே தொங்கின. நனைக்கக்கூட மழை இல்லை.

வாசலில் மாமியார் ஆரத்தி எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்தான் எடுத்தாள். உள்ளே போய்க் குழந்தையை நீட்டினேன். மாமியார் கை நீட்டவில்லை. புடவைத் தலைப்புக்குள் கையை வைத்துக்கொண்டு, "மடியில போடு" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண் பிள்ளை என்பதால்தானே? ஒன்றைப் பறிகொடுத்து, ஊர் பார்க்க ஓடிப்போய்க் காப்பாற்றிக் கொண்டுவந்த உயிர் இது. அதைத் தொடக் கசக்கிறதா? "இன்னா அத்தை, பொண்ணுன்னா கையில வாங்கக்கூடாதா?" என்று கத்திவிட்டேன். என் மாமியாரிடம் நான் அதுவரை குரலை உயர்த்தியதில்லை.

அவள் தலைப்பை விலக்கிக் கையைக் காட்டினாள். உள்ளங்கை இரண்டும் வெடித்து வெடித்துக் காய்த்திருந்தன. விரல்கள் பாதி மடங்கிய நிலையில் நின்றுபோயிருந்தன. மூடவும் இல்லை, விரியவும் இல்லை. "நழுவிடும்டி. பயமா இருக்குது" என்றாள்.

பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. இருபத்துநாலு முழம். தினம் இருபது குடம் குளியலுக்கு மட்டும். நான் விட்டுவிட்டுப் போன கயிறு சுவரில் மாட்டி வைத்தபடியே இருக்கும் என்றா நினைத்தேன்? ஐந்து மாதத்தில் ஒரு நாள்கூட, இப்போது யார் இழுக்கிறார்கள் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. என் பிள்ளை தங்கியது. அதற்கான கூலியை இவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டுதான் தங்கியது.

என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "நான் எழுந்திருக்கறதுக்கு முன்னாலயே இழுத்துடுவாங்க. எனக்கெப்படித் தெரியும்?" என்றார். மாமனார் கூடத்திலிருந்தே சொன்னார்: "தண்ணி வந்துக்கினுதானே இருந்துது? யாரும் ஒண்ணும் சொல்லலியே."

அன்று நான் அழவில்லை. மறுநாள் விடியற்காலையில் மாமியாரை எழுந்திருக்க விடவில்லை. அண்டாவைக் கவிழ்த்து வைத்தேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கிணற்றுப் பலகைமேல் உட்கார்ந்தேன். மாமனார் துண்டோடு வந்தார்.

"தண்ணி எங்க?"

கயிற்றைக் காலால் அவர் பக்கம் தள்ளினேன். அதுவரை அவர் முகத்தைப் பார்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. "கெணத்துல இருக்குது மாமா. வத்தாத கெணறுதானே? அத்தைக்குக் கை மடங்கல. எனக்குப் பச்சை உடம்பு. இழுத்துக் குளிச்சுக்குங்க."

அவர் மகனைக் கூப்பிட்டார். மகன் வந்தார், என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், கயிற்றைப் பிடித்தார். மூன்று குடம் இழுத்தார். நாலாவது குடம் பாதியில் நின்றது. கையைப் பிரித்துப் பார்த்தார். பிறகு கயிற்றைப் போட்டுவிட்டு, சட்டைகூட மாட்டாமல் ரைஸ் மில்லுக்கு நடந்தார். இவ்வளவு சீக்கிரம் புரியும் என்றால் முன்னாலேயே மூன்று குடம் இழுக்க வைத்திருக்கலாம்.

ஒரு வாரத்துக்குள் உருளைப் பம்பு வந்தது. மாட்டுத் தோல் கிணற்றுக்குள் இறங்கியது. மாமனார் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரைக் கிணற்றில் ஊற்றினார். அதோடு தீட்டு கழிந்துவிட்டதாம். ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர்! அதைக் கார்த்திகையிலேயே ஊற்றித் தொலைத்திருந்தால் என்ன?

அந்தப் பம்பு எந்தச் சித்திரையிலும் காற்று இழுக்கவில்லை. என் மகள் அடித்தாள், தெருப் பிள்ளைகள் விளையாட்டுக்கு அடித்தார்கள், கடைசிக் காலத்தில் மாமனாரே அடித்துக் குளித்தார். ரொம்ப லேசான கைப்பிடி, ஒரு விரலால் அழுத்தினாலும் வரும் என்று விருந்தாளிகளிடம் பெருமை பேசுவார். என் மாமியார் மட்டும் அதை ஒரு நாளும் பிடிக்கவில்லை. அவள் குளிப்பதற்கும் குடிப்பதற்கும் நாங்கள்தான் மொண்டு கொடுத்தோம். சொம்பை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு குடிப்பாள்.